வேலை பறிபோன எலும்பு

எலும்பு என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? வீட்டுக்குத் தூண், பந்தலுக்குக் கால், உடம்புக்கு எலும்பு! தூணை ஒரு தடவை நட்டுவிட்டால் நட்டது நட்டபடி நிற்கும். யாராவது இடித்தால் ஒழிய அதற்கு மாறுதல் கிடையாது. எலும்பும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

உண்மை நேர்மாறானது. எலும்பு உயிருள்ள பொருள். அதற்குள்ளே இரண்டு வகைத் தொழிலாளிகள் இரவு பகலாக வேலை செய்கிறார்கள். ஒரு கோஷ்டி பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். மற்றொரு கோஷ்டி பின்னாலேயே வந்து புது எலும்பைக் கட்டிக்கொண்டே போகும். வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இன்று உங்களைத் தாங்கி நிற்கும் எலும்பு பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு முன் தாங்கிய எலும்பு அல்ல.

சரி, எந்த இடத்தில் இடிப்பது, எந்த இடத்தில் கட்டுவது என்று உத்தரவு போடும் மேஸ்திரி யார்? பாரம்தான்! எங்கே பாரம் விழுகிறதோ அங்கே எலும்பு தடிக்கும். எங்கே பாரம் இல்லையோ அங்கே, "இவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று எலும்பு கரைக்கப்பட்டுவிடும்.

இந்த மேஸ்திரியின் கண்டிப்பு சாதாரண நாட்களில் நமக்கு நன்மைதான். ஆனால் இடுப்பு மூட்டு தேய்ந்தோ முறிந்தோ போய், அந்த இடத்தில் உலோக மூட்டு வைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் அதுவே ஒரு சிக்கலாகிவிடுகிறது. ஆபரேஷன் வெற்றி; வலி போயிற்று; நடை வந்துவிட்டது; வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் உள்ளே, உலோகத்தை அணைத்துக்கொண்டிருக்கும் எலும்பு என்ன செய்துகொண்டிருக்கிறது? புது மூட்டின் ஆயுள் பெரிதும் அதைப் பொறுத்திருக்கிறது.

பளு தூக்கி யந்திரமும் தொடை எலும்பும்

1866-ஆம் வருஷம். ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரம். ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறு நிபுணர் தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்து, உள்ளே இருக்கும் சல்லடை போன்ற அமைப்பைப் படமாக வரைந்து வைத்திருந்தார். மெல்லிய எலும்பு இழைகள் அழகான வளைவுகளாக ஓடி ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சென்றன. 'இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது?' என்பது அவருக்குப் புரியவில்லை.

அந்தப் படத்தைக் கார்ல் குல்மான் என்ற இஞ்சினீயர் பார்த்தார். பாலமும் பளு தூக்கி யந்திரமும் கட்டுவதில் கணக்குப் புலி அவர். எலும்பு இழைகள் ஓடிய வழி அவருக்குப் பழக்கமான வழியாக இருந்தது. வளைந்த கழுத்துள்ள ஒரு பளு தூக்கி யந்திரத்தில் எந்தெந்த வழியாக அழுத்தமும் இழுப்பும் பாயும் என்று அவர் கோடு போட்டுப் பார்த்திருக்கிறாரே, அதே கோடுகள்! இஞ்சினீயர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டதை எலும்பு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் கட்டி முடித்திருந்தது.

இதையே பிடித்துக்கொண்டு பெர்லின் நகரத்து டாக்டர் ஜூலியஸ் வோல்ஃப் பல வருஷம் ஆராய்ந்து, 1892-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 'பாரம் மாறினால் எலும்பின் உள் அமைப்பும் மாறும், வெளி உருவமும் மாறும்' என்பது அதன் சாரம். இன்றும் டாக்டர்கள் அதை 'வோல்ஃப் விதி' என்றே சொல்கிறார்கள்.

இந்த விதிக்கு அத்தாட்சி வேண்டுமா? டென்னிஸ் ஆட்டக்காரரின் இரண்டு கைகளையும் எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்கள்; மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளியில் மாதக் கணக்கில் மிதந்துவிட்டு வருகிறவர்களைப் பாருங்கள். அங்கே கால்களுக்குப் பாரமே இல்லை அல்லவா? இடுப்பு எலும்பின் அடர்த்தியில் மாதத்துக்குச் சுமார் ஒன்று, ஒன்றரை சதவிகிதம் குறைந்துபோகிறது. இத்தனைக்கும் அவர்கள் கட்டுமஸ்தான தேகம் படைத்தவர்கள். தினம் தவறாமல் தேகப்பயிற்சியும் செய்கிறவர்கள்.

அரிவாளும் கைப்பிடியும்

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் ஒரு பந்துமாக அமைந்தது. கிண்ணம் இடுப்பெலும்பில் இருக்கிறது. பந்து தொடை எலும்பின் தலையில் இருக்கிறது. ஆபரேஷனில் அந்தப் பந்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். கிண்ணத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதுக் கிண்ணம் பொருத்துகிறார்கள். தொடை எலும்பின் நடுவே உள்ள குழலில் ஓர் உலோகத் தண்டைச் செருகி, அதன் தலையில் புதுப் பந்தை மாட்டுகிறார்கள். அரிவாளின் வாலை மரக் கைப்பிடிக்குள் அடித்து இறக்குகிறார்களே, ஏறக்குறைய அதே வித்தைதான்.

அரிவாளுக்குக் கைப்பிடி எப்படியோ, உலோகத் தண்டுக்கு எலும்பு அப்படி. கைப்பிடியின் துளை அகன்றுபோனால் எவ்வளவு உயர்ந்த இரும்பாக இருந்தாலும் அரிவாள் ஆடத்தான் ஆடும்.

அந்தத் தண்டு தாங்கவேண்டிய பாரமும் லேசுப்பட்டதல்ல. நாம் சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின்மேல் உடம்பு எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் இறங்குகிறது. உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளின் இழுப்பும் சேர்ந்துகொள்வதுதான் காரணம். 60 கிலோ எடையுள்ள அம்மாளின் இடுப்பில் ஒவ்வோர் அடிக்கும் 150 கிலோ! கால் தடுக்கித் தடுமாறும் ஒரு கணத்தில் அது உடம்பு எடையைப்போல் ஏழு, எட்டு மடங்குவரை போவதைப் பெர்லின் விஞ்ஞானிகள், அளவுக் கருவி பதித்த செயற்கை மூட்டுகளைக் கொண்டு அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

சார்ன்லியின் சோதனை

இன்று நாம் அறிந்த இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு வழி வகுத்தவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லாவில், விகன் என்ற ஊருக்கு அருகே ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அது முதலில் க்ஷயரோக ஆஸ்பத்திரி. நல்ல மருந்துகள் வந்து க்ஷயரோகம் குறையவே படுக்கைகள் காலியாயின. சார்ன்லி அங்கே போய்த் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

தண்டு ஆடாமல் நிற்பதற்கு அவர் கண்ட வழி அக்ரிலிக் சிமெண்டு. செயற்கைப் பல்வரிசைக்கு உபயோகிக்கிறார்களே, அந்த ஜாதிப் பொருள். அது பசை அல்ல. செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே போடும் சாந்து போல இடைவெளியை நிரப்பிப் பாரத்தைப் பரப்பிவிடும். கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது டெப்ளான் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக். 1958 முதல் சுமார் 300 பேருக்கு இந்த மூட்டை வைத்தார். வருஷக் கணக்கில் கட்டிலிலும் நாற்காலியிலும் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆஸ்பத்திரி முழுவதும் ஒரே கொண்டாட்டம்!

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. சில வருஷங்களுக்குள் டெப்ளான் கிண்ணங்கள் தேய்ந்து குழி விழுந்தன. அதைவிட விபரீதம், தேய்ந்த தூள் சேர்ந்த இடத்தில் திசுக்கள் கெட்டித்துக் கட்டியாகி, பக்கத்திலிருந்த எலும்பை அரித்திருந்தன. சார்ன்லி தாம் வைத்த மூட்டுகளைத் தாமே திரும்ப எடுக்கவேண்டி வந்தது. ஒரு டாக்டருக்கு இதைவிட வேதனை வேறு உண்டா?

1962-ல் நெசவு யந்திரங்களின் பல்சக்கரங்களுக்காக ஒரு புதுவகைப் பாலிதீனை விற்க வந்தார் ஒரு வியாபாரி. தேய்மானச் சோதனை யந்திரத்தைக் கவனித்துவந்த ஹாரி கிரேவன் அதை யந்திரத்தில் மாட்டிப் பார்த்தார். டெப்ளானோடு ஒப்பிட்டால் அது தேயவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் சார்ன்லி சூடு கண்ட பூனை. யந்திரத்தின் சாட்சியம் மட்டும் அவருக்குப் போதவில்லை. டெப்ளான் தூளையும் புதுப் பாலிதீன் தூளையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டார்! மாதங்கள் சென்றன. டெப்ளான் வைத்த இடத்தில் கட்டி தட்டியது. பாலிதீன் வைத்த இடம் அமைதியாக இருந்தது. அந்த வருஷ நவம்பரிலேயே பாலிதீன் கிண்ணம் நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த இனம்தான் மேலும் மேலும் செப்பனிடப்பட்டு இன்றுவரை நிலைத்திருக்கிறது.

சார்ன்லி இன்னொன்றும் செய்தார். தம் நோயாளிகளிடம், அவர்கள் காலமான பிறகு அந்த மூட்டைச் சுற்றியுள்ள எலும்போடு எடுத்துப் பரிசோதிக்க அனுமதி கேட்டார். பலர் மனமுவந்து சம்மதித்தார்கள். உலோகத்தின் அருகே எலும்பு எப்படி வாழ்கிறது என்பதைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பகுதி அந்தப் பெரிய மனம் படைத்தவர்கள் விட்டுச் சென்ற செல்வம்.

குற்றவாளி யார்?

பாலிதீனும் முற்றிலும் தேயாத பொருள் அல்ல. அது மிக மெள்ளத் தேயும்; பழைய வகையானால் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே பத்து, பதினைந்து வருஷங்கள் நன்றாக நடந்தவர்களில் சிலருக்குத் தண்டைச் சுற்றி எலும்பில் ஓட்டைகள் தோன்றின. இது யார் செய்த வேலை என்று விசாரணை நடந்தது. சிமெண்டின்மேல் பழி விழுந்தது. 1987-ல் 'சிமெண்டு நோய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆனால் சிமெண்டே இல்லாமல் பொருத்திய மூட்டுகளிலும் அதே ஓட்டைகள் காணப்பட்டன. உண்மைக் குற்றவாளி, மூட்டு தேய்ந்து உதிரும் தூள்தான். ஹான்ஸ் வில்லெர்ட், மன்ஃபிரெட் ஸெம்லிட்ச் என்ற இருவர் 1977-லேயே இதைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். தூளில் பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத பொடி. நம் உடம்பின் துப்புரவுச் சேவக அணுக்கள் அந்தப் பொடியை ஏதோ கிருமி என்று நினைத்து விழுங்கிவிடுகின்றன. பிளாஸ்டிக் ஜீரணமாகுமா? ஆகாது. உடனே அவை கூக்குரல் எழுப்ப, எலும்பைக் கரைக்கும் கோஷ்டி ஓடி வருகிறது. பொடியோ அசையவில்லை, பக்கத்தில் நிற்கும் எலும்பு கரைந்துபோகிறது.

இது முதல் திருடன். இரண்டாவது திருடன் இன்னும் சாது. அவன் யார் தெரியுமா? நாம் காவலுக்கு வைத்த உலோகத் தண்டேதான்!

எல்லாவற்றையும் தாமே செய்யும் மாமா

சிமெண்டின்மேல் சந்தேகம் வந்த காலத்தில், அது வேண்டாம் என்று ஒரு புது வழியில் போனார்கள். உலோகத் தண்டின்மேல் நுண்ணிய துளைகள் உள்ள பூச்சு ஒன்றைக் கொடுத்து, எலும்புக் குழலுக்குள் இறுக்கமாக அடித்து இறக்கினார்கள். எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து உலோகத்தைக் கவ்விக்கொண்டது. உயிருள்ள பொருள் உயிரற்ற உலோகத்தோடு கைகோத்துக்கொண்டது பிரமாதமான விஷயந்தான்! குழலை நன்றாக நிரப்பினால் பிடிப்பு இன்னும் பலம் என்று சிலருக்குப் பெருந்தண்டுகளையும் வைத்தார்கள்.

1980களில் அவர்களுடைய எக்ஸ்-ரே படங்களைப் பார்த்த அமெரிக்க டாக்டர் சார்லஸ் எங்க்கும் அவர் தோழர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். தண்டு அசையவில்லை, நோயாளிக்கு வலி இல்லை, ஆனால் தொடை எலும்பின் மேற்பகுதி இளைத்துக்கொண்டே போயிற்று. தண்டு எவ்வளவு பருமனோ, இளைப்பும் அவ்வளவு அதிகம்.

காரணத்தை ஒரு குடும்பக் கதையாகச் சொல்லலாம். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மாமா இருக்கிறார். கறிகாய் வாங்குவது, கணக்கு எழுதுவது, தண்ணீர் இறைப்பது எல்லாவற்றையும் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். மிகவும் நல்லவர்தான். ஆனால் வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கத் தெரியாமல் போவார்கள்.

எலும்புக்கும் இதே கதிதான். முன்பெல்லாம் உடம்பின் பாரம் பந்திலிருந்து கழுத்து வழியாகத் தொடை எலும்பின் மேல்பக்கத்துக்குள் நுழைந்து, படிப்படியாகக் கீழே இறங்கியது. இப்போது பாரம் உலோகத் தண்டுக்குள்ளேயே புகுந்து, மேற்பகுதியைத் தொடாமல், கீழே தண்டின் நுனிக்கு அருகில்தான் எலும்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. மேற்பகுதிக்கு வேலை போய்விட்டது. வேலை இல்லாத இடத்தில் மேஸ்திரி ஆள் வைப்பாரா?

கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவை எலும்பைவிடச் சுமார் 12 மடங்கு விறைப்பானது. டைட்டேனியம் கலவை சுமார் 6 மடங்கு. பருமனோ இன்னும் பொல்லாதது. தண்டின் குறுக்களவு இரண்டு மடங்கானால் வளையாமல் நிற்கும் விறைப்பு 16 மடங்காகும். 12 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 15 மில்லிமீட்டர் தண்டு வைத்தாலே விறைப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். மாமாவின் கை எவ்வளவு ஓங்குகிறது, பார்த்தீர்களா!

அளந்து பார்த்தார்கள்

சாதாரண எக்ஸ்-ரேக்கு ஒரு குறை உண்டு. எலும்பில் சுமார் 30 சதவிகிதமாவது போன பிறகுதான் படத்தில் கண்ணுக்குப் புலப்படும். 1980களின் பிற்பகுதியில் இருவகைச் சக்தியுள்ள எக்ஸ்-கதிர்களைக் கொண்டு எலும்பின் அடர்த்தியை நுட்பமாக அளக்கும் கருவி வந்தது. உலோகத்தின் நிழலைக் கழித்துவிட்டுச் சுற்றியுள்ள எலும்பை மட்டும் கணக்கிடவும் வழி செய்தார்கள். தண்டைச் சுற்றியுள்ள தொடை எலும்பை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கூடிற்று, எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். குரூயன் என்பவரும் அவர் தோழர்களும் 1979-ல் வகுத்த பிரிவினை அது.

பல நாடுகளில் அளந்ததில் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சேதி கிடைத்தது. அதிக நஷ்டம் ஏழாவது பகுதிக்கு, அதாவது தொடை எலும்பின் மேல் உட்பக்கத்துக்கு. முதல் வருஷத்துக்குள் அங்கே 10 முதல் 30 சதவிகிதம்வரை அடர்த்தி குறைந்துவிடலாம். தண்டின் வகையைப் பொறுத்து இது மாறும். கீழ்ப் பகுதிகளில் குறைவு சொற்பம். முதல் சில மாதங்களில் இழப்பு வேகம். ஆபரேஷனால் ஏற்பட்ட காயமும், அந்தக் காலை ஊன்றாமல் இருப்பதும் அதற்குத் துணை. ஒன்றிரண்டு வருஷத்துக்குள் எலும்பு புது நிலைமைக்குப் பழகி, இறக்கம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

இன்னொரு சேதியும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே யாருடைய எலும்பு மெலிந்திருந்ததோ, அவர்களுக்குத்தான் பின்பு நஷ்டமும் அதிகம். இல்லாதவன் வீட்டில்தான் திருடனும் புகுகிறான்!

இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. வேலை பறிபோனதால் வரும் இளைப்பினால் மட்டும் மூட்டு கழன்றுவிடுவது அபூர்வம். எலும்பு இளைத்தும் இருபது வருஷம் சுகமாக நடந்தவர்கள் ஏராளம். சங்கடம் வருவது இரண்டு சமயங்களில். கீழே விழுந்தால் அந்த மெலிந்த எலும்பு உலோகத்தின் ஓரமாக முறியக்கூடும். பிற்பாடு மூட்டை மாற்றவேண்டி வந்தால், புதுத் தண்டை ஊன்ற நல்ல எலும்பு போதாமல் டாக்டர் திண்டாடுவார்.

பரிகாரம்

'எலும்பைப் போலவே வளைகிற தண்டு செய்தால் என்ன?' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ஸ்விட்சர்லாந்தின் ராபர்ட் மாதிஸ் 1970களில் அதைச் செய்தே பார்த்தார். பிளாஸ்டிக்கால் போர்த்திய, வளைந்து கொடுக்கும் தண்டு அது. யோசனை அருமை, ஆனால் தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு ஏற்பட்டுப் பலருக்கு அது தளர்ந்துவிட்டது. மாமா எல்லா வேலையும் செய்தாலும் ஆபத்து. ஒன்றும் செய்யாமல் சாய்ந்துகொண்டாலும் ஆபத்து!

ஆகவே நடுவழியைத் தேடினார்கள். விறைப்புக் குறைந்த டைட்டேனியம், மேற்பகுதியில் மட்டும் பூச்சு, நுனியை நோக்கிச் சிறுத்துவரும் உருவம், குட்டைத் தண்டு என்று பல மாறுதல்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே: பாரத்தை மேலேயே எலும்பிடம் ஒப்படைப்பது. தூள் திருடனுக்கும் கைவிலங்கு பூட்டினார்கள். கதிர்வீச்சால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்கிய பாலிதீன் 1990களின் கடைசியில் வந்தது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது; எலும்பில் ஓட்டை விழுவதும் குறைந்தது. எலும்புக் கரைவைத் தடுக்கும் மருந்துகள் முதல் வருஷ இழப்பைக் குறைப்பதாகப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் மூட்டு மாற்றிய எல்லோருக்கும் கொடுப்பது வழக்கத்தில் இல்லை.

2019-ல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் ஒரு கணக்கு வெளியாயிற்று. இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58 வீதம், 25 வருஷம் வரை மாற்றாமலே உழைக்கும் என்பது அதன் முடிவு. அதுவும் பெரும்பாலும் பழைய காலத்து மூட்டுகளின் கணக்கு!

வீட்டில் செய்யவேண்டியது

புது மூட்டு வைத்துக்கொண்டவரை, "பாவம், அசையாமல் இருக்கட்டும்" என்று உட்கார வைத்துத் தாங்கு தாங்கென்று தாங்குவது அன்புதான். ஆனால் எலும்புக்கு அது பட்டினி. டாக்டர் எவ்வளவு நடக்கச் சொன்னாரோ அவ்வளவு நடக்கவேண்டும். ஏற்கெனவே பாதி வேலையை இழந்த எலும்புக்கு மிச்சமிருக்கும் வேலையாவது கிடைக்கட்டும். ஆகாரத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகையிலை, சிகரெட் இரண்டும் எலும்புக்குச் சத்துரு. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரவில் ஒரு சிறு விளக்கு, வழுக்காத தரை - இந்த மூன்றும் பெரிய செலவு இல்லை. விழாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம்.

கடைசியாக ஒன்று. எலும்பு கரைவது வலிக்காது. வலி வரும்போது பெரும்பாலும் காரியம் மிஞ்சியிருக்கும். ஆகவே "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று சொல்லாமல், டாக்டர் குறித்துக் கொடுத்த கெடுவில் போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் முடிந்தவுடன் எடுத்த முதல் எக்ஸ்-ரே படத்தை எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்து எடுக்கும் படத்தை எதனோடு ஒப்பிடுவது? வீட்டில் ஜாதகக் கட்டை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களோ, அதே பெட்டியில் அதையும் வைத்துவிடுங்கள்.